கப்டன் அண்ணை சொல்லாதது

இதை எழுத நினைத்து ஆறு வருடமாகிவிட்டது. ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் விரதம் பிடிக்கும்போது, இந்த முறை எழுதிவிடுவேன் என்று முருகனிடம் சொல்வேன். பாரணை முடிந்து ஒரு பிடி சோறு உள்ளே போனதும் அந்தத் துணிவு போய்விடும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சுவிஸில், லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நிற்கிற வேலை. எழுத்து வராது என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாட்டு. உண்மையில் வெட்கம்தான் கையைப் பிடித்து வைத்திருந்தது.

கப்டன் அண்ணையை இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் எல்லே அணிக்குத் தலைவர். பந்தைத் தடியால் அடித்துவிட்டு நாலு கம்பத்தையும் சுற்றி ஓடிவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்து, நாயோடு நடந்துபோகும் சுவிஸ்காரர்கள் "பேஸ்போலோ?" என்று கேட்பார்கள். அண்ணை "ஓம், அதின்ரை அண்ணன்" என்று தமிழிலேயே பதில் சொல்வார். நாங்கள் விளையாடிய முறையில், அடிக்கிறவருக்குப் பந்து போடுவது அவருடைய அணி ஆள்தான். பதினாலு வருடம் அவருக்குப் பந்து போட்டவன் நான். "பந்தை நான் பாக்கிறதில்லையடா, உன்ரை தோளைத்தான் பாக்கிறனான்" என்பார். ஒருமுறை அவர் அடித்த பந்து மைதானத்து ஓரத்தில் நின்ற மரத்தைத் தாண்டிப் போனது. இப்போது எங்கள் ஆட்கள் கூடினால், அந்தப் பந்து தண்டவாளத்தையும் தாண்டி, ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கு மேலால் போனதாகக் கதைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. திருத்துகிற தகுதி எனக்கு இல்லை.

எங்கள் கழகத்துக்கு அப்போது புளியங்கேணி விளையாட்டுக் கழகம் என்று பெயர். அது இலங்கையில் அண்ணையின் ஊர், என்னுடைய ஊர். மற்ற ஊர்க்காரர்கள் "அது உங்கட ஊர் கிளப்" என்று சொல்லி வர மறுத்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அந்த ஊர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஆள் குறைந்து, ஒரு கோடையில் பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. பிள்ளைகள் ஈகிள்ஸ் என்று ஒரு பெயர் கொண்டுவந்தார்கள். செயலாளராக இருந்த எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அண்ணைக்கு அந்தக் கதையே பிடிக்காது. அந்த நேரத்தில்தான் அவருக்கு ஈரலில் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு மத்தியானம். கொண்டுவந்து வைத்த சூப்பைத் தொடாமல் படுத்திருந்தார். அக்கா, அவருடைய மனைவி, உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தா. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பேர் விசயம் என்ன மாதிரி?"

"அது அப்பிடியேதான் அண்ணை. ஒருத்தரும் தொடேல்லை."

"அப்ப சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். பெயர் மாற்றுவதற்கான கூட்டக் கடிதம் அப்போது என் ஜாக்கெட் பையில் இருந்தது.

அண்ணை செத்து, முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு கூட்டம். கதை தொடங்கியதுமே சண்டையாகிவிட்டது. எங்களில் மூத்த ஆட்டக்காரரான கடைக்கார அண்ணை எழும்பி, "ஈகிளோ? உங்கட ஓட்டத்துக்குக் கோழிக்குஞ்சு எண்டு வையுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்த மனுசன் போய் ஒரு மாசம். அதுக்கிடையிலை அவற்றை ஊர்ப் பேரையும் எரிக்கப் போறியளோ?" என்று கேட்டார். பழைய ஆட்கள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். கழகம் அன்றைக்கே உடைந்துவிடும் என்று எனக்குப் பயம் வந்தது. எழும்பி நின்று, "கப்டன் அண்ணைதான் ஆஸ்பத்திரியிலை வைச்சு என்னட்டைச் சொன்னவர். பேரை மாத்துங்கோ, பிள்ளையள் விளையாடட்டும் எண்டு" என்றேன்.

கடைக்கார அண்ணை என்னையே பார்த்தார். "முருகன் அறியச் சொல்லு."

"முருகன் அறிய."

அவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். பெயரை மாற்றச் சம்மதமா என்று கேட்டபோது முதலில் உயர்ந்த கை அவருடையதுதான்.

அதற்குப் பிறகு கழகம் வளர்ந்தது. இன்றைக்கு மூன்று அணி இருக்கிறது, பெண்பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். என்னுடைய பொய்யும் கூடவே வளர்ந்தது. அண்ணையின் நினைவாக ஒவ்வொரு கோடையும் நடக்கும் போட்டியில், மைக் பிடிப்பவர் அதைச் சொல்லித்தான் தொடங்குவார். ஒரு வருடம் அண்ணை என் கையைப் பிடித்துச் சொன்னார் என்றார். அடுத்த வருடம் கண்ணீர் விட்டுச் சொன்னார் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

போன வருடப் போட்டியன்று அக்கா தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் என்னிடம் வந்தா. "தம்பி, ஒண்டு கேக்கட்டோ? என்னோடை அவர் கடைசிவரைக்கும் புளியங்கேணி எண்டுதான் கதைச்சவர். உமக்கு மட்டும் ஏன் அப்பிடிச் சொன்னவர்? நான் குறுக்கை நிப்பன் எண்டு நினைச்சாரோ?" நான் அவவுக்கு ஒரு குவளை தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு அவவே சொன்னா: "புளியங்கேணி எண்டு அடிச்ச அவற்றை பழைய சேர்ட்டை, அவற்றை படத்துக்குப் பக்கத்திலை கொழுவி வைச்சிருந்தனான். அவரே வேண்டாமெண்ட பேரை நான் ஏன் கட்டிப்பிடிப்பான் எண்டு, தானத்துக்குப் பழைய உடுப்புச் சேர்க்கிற பைக்குள்ளை போட்டு வெளியிலை வைச்சிட்டன்."

அந்தப் பை எந்த நாட்டுக்குப் போனதோ. பெயர் மாற்றியது பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அதை ஒரு செத்த மனிதரின் வாயில் வைத்தேன். அவரைச் சந்தேகிக்கும்படி அவருடைய மனைவியையே ஆக்கினேன். நெற்றியில் திருநீற்றோடு முருகனைச் சாட்சிக்கு இழுத்தேன். கோயிலில் தீபம் காட்டும்போது ஆறு வருடமாக நான் சுவாமியின் முகத்தைப் பார்த்ததில்லை, காலைத்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

இந்த வருடப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவ கறி தாளித்துக்கொண்டிருந்தா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கேட்டா: "அப்ப அவர் என்னட்டை ஒண்டும் ஒளிக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே இல்லை."

சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தா. அதற்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. "மைக்கிலை சொல்லும்" என்றா. தேத்தண்ணி தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

போட்டியன்று மைக் என் கைக்கு வந்தது. முன்வரிசையில் அக்கா இருந்தா, அவவுக்குப் பின்னால் கடைக்கார அண்ணை. நான் எல்லோரையும் வரவேற்றேன், மழை வராததற்கு நன்றி சொன்னேன், மைக்கைக் கொடுத்துவிட்டேன். அக்கா ஆட்டம் தொடங்குவதற்கு முன் எழும்பிப் போய்விட்டா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்கள் இதை எங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், முக்கியமாக அந்தக் கடைக்கார அண்ணையிடம். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். கழகத்தைக் காப்பாற்றத்தான் செயலாளர் அப்படிச் செய்தான் என்று எனக்காக ஒரு வரி சேர்க்க வேண்டாம். அக்கா மன்னித்துவிட்டா என்றும் சேர்க்க வேண்டாம். அவ அப்படிச் சொல்லவில்லை.