அம்மா மடியில் இருப்பது யார்?

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பழைய போட்டோ வரும். பெங்களூர் பக்கம் ஆனேக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அந்தக் காலத்தில் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்ப் படம் எடுத்தார். அவர் காலமான பிறகு வீட்டார் நெகட்டிவ் டப்பாக்களைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ரிட்டயரான பஸ் கண்டக்டர், அவற்றைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தலைக்கு மேலும் சிவப்பில் நம்பர் போட்டு அனுப்புகிறார். யாருக்கு யாரைத் தெரிகிறதோ, நம்பரைப் போட்டுப் பேரை எழுதவேண்டும். மூன்று பேர் ஒத்துச் சொன்னால் அந்தப் பேர் நின்றுவிடும்.

எங்கள் ஆட்களுக்கு முகத்தை வைத்து ஆளைப் பிடிக்க வராது. முண்டாசு கட்டின விதம், இரவல் வாட்ச், உடைந்த மதில் என்று சுற்றிக்கொண்டுதான் ஆளுக்கு வருவார்கள். ஒருமுறை மாட்டை முதலில் கண்டுபிடித்தார்கள். அது யார் வீட்டு மாடு என்று அரைநாள் சண்டை போட்ட பிறகுதான் கயிற்றைப் பிடித்து நின்றவருக்குப் பேர் கிடைத்தது.

வாராவாரம் யாராவது ஒருவர், "ஐயோ, இது எங்கப்பா" என்று எழுதுவார்கள். உடனே ஆளாளுக்கு அழுகிற பொம்மைகளை அனுப்புவார்கள். நானும் ஒன்று அனுப்பிவிட்டு வயிறு எரிந்துகொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் சின்ன வயசுப் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற அன்று அம்மா அக்காவையும் என்னையும் வீட்டிலேயே நிறுத்திவிடுவாள். கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு மேல் ஒன்று. மடியில் பாவாடை சட்டை போட்ட குழந்தை, தலைக்கு மேல் இரண்டு. குழந்தைக்குப் பூ ஜடை தைத்து, ஜடை தெரிவதற்காகப் பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அதெல்லாம் கிடக்கட்டும், அம்மா சிரிக்கிறாள், பல் தெரிய. அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அம்மா செத்துச் சில வருஷம் ஆகிறது. இருந்தவரை வேளைக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே கிடந்தாள். ஆனால் கொஞ்சுவது மட்டும் அவளுக்கு வராது.

ஒன்றாம் நம்பர் உடனே முடிவாகிவிட்டது. என் தூக்கத்தைக் கெடுத்தது இரண்டாம் நம்பர்தான்.

"மூத்தவதான் இது, வேற யாரு," என்று ஒருவர் எழுதினார். முதல் பிள்ளைக்குத்தான் இப்படிச் செலவு செய்து படம் எடுப்பார்கள் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது ஆள் வருவதற்குள் அக்காவே வந்துவிட்டாள். "ஆமா, நான்தான். அந்தப் பாவாடை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." கூடவே ஒரு கும்பிடு. இரண்டு வயசில் கட்டின பாவாடையை ஞாபகம் வைத்திருக்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா என்னைவிட நாலு வயசு மூத்தவள். மகன் வைட்ஃபீல்டில் வாங்கிய அபார்ட்மென்டில் இருக்கிறாள். கேட்டில் செக்யூரிட்டி என் பேரைக் கேட்டு, மேலே போன் போட்டு, பிறகுதான் என்னை உள்ளே விடுவான். நான் சந்தாபுராவில் பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறேன். அதைப் பொறுத்துக்கொண்டேன். சின்ன வயசில் புதுத்துணி அவளுக்கு வரும், சாயம் போனதும் அது எனக்கு வரும். அதையும் பொறுத்துக்கொண்டேன். அம்மாவின் அந்தச் சிரிப்பும் அவளுக்கே என்றால் எனக்கு என்னதான் மிச்சம்?

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு என் மூக்கு மாதிரி இருந்தது. குழுவில் எழுதினேன், யாரும் பதில் போடவில்லை. பிறகு கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு நின்றவள் மாதிரி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் போட்டு, "நல்லாப் பாருங்க, நான்தானே?" என்று கேட்டேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி பாவம் பார்த்து எனக்காக எழுதினாள். கண்டக்டர் அண்ணன், "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா, அடுத்த போட்டோ போடணும்," என்றார்.

பேசுவதற்கு அக்கா எங்கே இடம் கொடுத்தாள்? அதற்குள் அந்தப் படத்தைத் தன் டி.பி.யாக வைத்துவிட்டாள். அடுத்த மாதம் அவள் பேத்தி பிறந்தநாளுக்குப் போனபோது ஹாலில் பெரிதாக ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. வந்தவர்களிடமெல்லாம், "நானும் எங்கம்மாவும்," என்று காட்டிக்கொண்டிருந்தாள். கேக்கைத் தட்டோடு அப்படியே வைத்துவிட்டேன். அன்றைக்கே தீர்மானித்தேன், பார்த்த சாட்சியையே பிடித்துவிடுவது என்று.

சாட்சி என்று மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த அத்தை. அம்மாவுக்கு ரொம்ப வேண்டியவள். இப்போது ஆனேக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறாள், போன் பார்க்கிற பழக்கமில்லை. ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சாட்சிக்கு லஞ்சம் என்றும் சொல்லலாம்.

அத்தை படத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பானாள். "உங்கம்மாடி. காதுல கம்மல பாரு, அது என்னுது. போட்டோவுக்குன்னு வாங்கிக்கினு போனா."

"மடியில யாரு அத்தை? மூக்கப் பாத்தா என்ன மாதிரி இல்ல?"

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "நீயா? நீ இல்லடி."

"அப்ப அக்காவா?" கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவளும் இல்ல. இது பொண்ணே இல்ல. உங்க வூட்டு மூத்த பையன். மூணாவது வயசுல மொட்ட போடறதுக்கு முன்னால பாவாட கட்டி, சவுரி வெச்சு எடுத்தது. பூ ஜடை தெச்சதே நான்தான். பொண்ணு கெட்டா போன்னு எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தோம்."

மொட்டைக்கு முன்னால் ஆண் பிள்ளைக்குப் பூ ஜடை தைத்துப் படம் எடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. என் மகனுக்கு நானே செய்திருக்கிறேன். குழுவில் இருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். ஆனாலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் இரண்டும் பெண் என்று ஊருக்கே தெரியும், அதனால் பாவாடையைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டோம். எங்களுக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்று எப்போதோ என் காதில் விழுந்திருக்கிறது. பிறந்ததுமே போனதாக்கும் என்று நினைத்து அதோடு விட்டுவிட்டேன். நடந்து, பேசி, மொட்டை போடுகிற வயசுவரை இருந்த பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை.

"மொட்ட போட்டுக்கினு வந்த மாசமே வாந்தி பேதியில போய்ட்டான்," என்றாள் அத்தை. "போட்டோ ரெடியாவுறதுக்குள்ள புள்ள இல்ல. உங்கம்மா போயி அத வாங்கவே இல்ல. கண்ணு பட்டுதான் போச்சுன்னு அவளுக்கு. அப்புறம் கேமராக்காரன் தெருவுல நொழஞ்சா போதும், உங்க ரெண்டு பேரையும் உள்ள இழுத்துப் போட்டுக் கதவ சாத்திக்குவா."

"அவன் பேரு இன்னா அத்தை?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். "கண்ணு, கண்ணுன்னுதான் எப்பவும் கூப்பிடுவா. வெச்ச பேரு... வரமாட்டேங்குதேடி."

எங்களை அம்மா ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

திரும்பிவரும் பஸ்ஸில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, அது அக்கா இல்லை என்ற நிம்மதி. அந்த ஃபிரேமைக் கழற்றுகிற காட்சியைக்கூட நினைத்துப் பார்த்துக்கொண்டேன். பாதி வழியில் போனைத் திறந்து மறுபடி படத்தைப் பார்த்தேன். பொறாமை போகவில்லை, ஆள்தான் மாறியிருந்தான். திருஷ்டிப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்னப் பிள்ளைமேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. சிரிப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகு மீந்த அம்மாவிடம்தான் நாங்கள் வளர்ந்தோம்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நீயும் இல்லையா?" என்றாள்.

"நானும் இல்லக்கா."

"தப்பா நெனைக்காத. நீ இல்லன்னு சொன்னதும் எனக்கு மனசு லேசாச்சுடி."

"எனக்கும்தான். பஸ்ஸுல சந்தோஷமா வந்தேன்."

"உனக்கு இன்னாடி கொற? அம்மா உன்னத்தான பக்கத்துல போட்டுக்கினு தூங்குவா. நான் செவுத்தோரம் கெடப்பேன். பாத்துக்கினே கெடப்பேன்." அதன் பிறகுதான் அவள் அழுதாள். இத்தனை வயசில் அக்கா என்னைப் பார்த்து ஏங்கினாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. எப்படிச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்தேன்.

குழுவில் நானே எழுதுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நான்தானே பஸ் ஏறிப் போய்க் கண்டுபிடித்து வந்தேன். 'இரண்டாம் நம்பர்' என்று போட்டேன், பேர் இல்லையே. 'எங்கள் அம்மாவுக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை' என்று எழுதினேன். ரேஷன் கார்டு மாதிரி இருந்தது, அழித்தேன். 'எங்களுக்கு முன்னால் இருந்தவன்' என்று எழுதி அதையும் அழித்தேன். யாருக்கோ எழுதுகிற மாதிரியே இருந்தது. மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே குழுவில் அக்காவின் மெசேஜ் வந்து விழுந்தது.

"நம்பர் 2: எங்க அண்ணன்."

மூன்று வயசு நிரம்பாத பிள்ளை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிட்டிராத சொல். ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு ஓர் அண்ணன். அது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? அவனையும் அவள்தான் முதலில் கூப்பிட்டாள்.