அழுக்கென்று நான் சுட்ட ஆறு வில்லைகள்

1. நேர்கோடு

"அக்கா, லூப்பைக் காணோம்!"

அளவீட்டு அறையிலிருந்து கார்த்திகா கத்தியபோது நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். ஆய்வுகூடத்தில் எனக்கு அது இரண்டாவது மாதம். அதற்கு முன் பதினொரு வருடம் டென்மார்க்கின் சில்க்போர்க்கில் ஓடு செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்த்தேன். கணவருக்கு வேலை மாறி அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வந்த பிறகு, திரும்பப் படித்து, இங்கே லபோரன்ட்டாகச் சேர்ந்தேன். லபோரன்ட் ஆய்வு செய்கிறவர் அல்ல. ஆய்வுக்கு வேண்டியதை அரைத்து, அமுக்கி, சுட்டு, கழுவி வைக்கிறவர்.

கார்த்திகா கோயம்புத்தூர்ப் பெண். துத்தநாக ஆக்சைடில் கொஞ்சம் கோபால்ட் கலந்து, வில்லைகளாக அமுக்கிச் சுட்டு, அதில் காந்தத்தன்மை வருகிறதா என்று பார்ப்பது அவளுடைய முனைவர் பட்ட வேலை. வெறும் துத்தநாக ஆக்சைடு காந்தமில்லை. அவளுடைய வில்லைகளோ மெல்லிய காந்தங்களாக இருந்தன. காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தால் திரையில் கோடு போன வழியே திரும்பாமல் ஒரு சின்ன வளையம் போடும். அதுதான் லூப். முழு ஆய்வேடும் அதை நம்பித்தான் நின்றது. மூன்று வாரத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.

அன்றைக்குக் கடைசிச் சரிபார்ப்பாக அளந்தபோது ஆறு வில்லைக்கும் நேர்கோடுதான் வந்தது.

பேராசிரியர் ஹென்ரிக் குரலை உயர்த்தாத மனிதர். "முதலில் பார்த்த காந்தம் வெறும் இரும்பு அழுக்காக இருந்திருக்கலாம். எஃகுச் சாமணத்தால் வில்லைகளை எடுத்தாயா?" என்று கேட்டார். பிளாஸ்டிக் சாமணம்தான் என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

லூப் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

2. நான் செய்தது

முந்தைய வெள்ளிக்கிழமை அந்த வில்லைகளைப் பெட்டியில் பார்த்தேன். புகை படிந்த மாதிரிக் கருத்துக் கிடந்தன. ஓட்டுத் தொழிற்சாலையில் நிறம் மங்கினால் இன்னொரு தடவை சூளையில் வைப்போம், பளிச்சென்று வரும். அந்தப் பழக்கம் கையிலேயே இருந்தது. அன்று காலையிலேயே காற்று புகும் ஃபர்னஸ் உலையில் அறுநூறு டிகிரியில் வைத்தேன், மாலையில் எடுத்தேன். கீரை மாதிரிப் பச்சைப்பசேலென்று வந்திருந்தன. பெருமையோடு பெட்டியில் திருப்பி அடுக்கினேன். பதிவேட்டில் எழுதவில்லை. சுத்தம் செய்வதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடியவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். ஒரு முழு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மதியம் கார்த்திகா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"மூணு வருஷமா அழுக்கைத்தான் அளந்துட்டு இருந்தேனாக்கா? ஊருக்குப் போய் அப்பாகிட்ட என்னன்னு சொல்றது?"

இதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பிள்ளை, நீர் ஒண்டும் பிழை விடேல்லை. வெள்ளிக்கிழமை நான்தான் அதுகளைத் திருப்பிச் சுட்டனான்."

"நீங்களா? ஏங்க்கா?"

"அழுக்காக் கிடந்தது. வடிவாக்கித் தருவம் எண்டு நினைச்சன்."

"வடிவாக்கச் சொல்லி உங்களை யாரு கேட்டா?" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த டேனிஷ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நேத்தெல்லாம் பக்கத்துலயேதானே இருந்தீங்க!"

 சட்டென்று அவள் குரல் மாறியது.

"எந்த ஃபர்னஸ்ல? வேக்குவம்லயா, காத்துலயா?"

"காத்திலை."

"ஐயோ அக்கா, வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

3. காலி இடங்கள்

ஓடுகிற வழியில் அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். படிகத்துக்குள் துத்தநாகமும் ஆக்சிஜனும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. காற்றில்லாத ஃபர்னஸில் சுட்டால் அங்கங்கே ஆக்சிஜன் எழுந்து போய்விடும், இடம் காலியாகும். வில்லை கருப்பது அதனால்தான். தள்ளித் தள்ளிக் கிடக்கும் கோபால்ட் அணுக்களை ஒரே திசைக்குத் திருப்புவதும் அந்தக் காலி இடங்கள்தான் என்பது அவளுடைய வாதம். நான் காற்றில் சுட்டபோது ஆக்சிஜன் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. அழுக்கென்று நான் போக்கியது அவளுடைய காந்தத்தை.

ஹென்ரிக் தன் அறையில் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "ஏன் பதிவேட்டில் எழுதவில்லை?"

"சுத்தம் செய்ததாகத்தான் நினைத்தேன்."

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "இப்போது எழுதுங்கள். காரணத்தையும் எழுதுங்கள்."

எழுதினேன்: அழுக்காகத் தெரிந்தது.

கார்த்திகா ஆறையும் மறுபடி வெற்றிட ஃபர்னஸில் வைத்தாள். என்னைக் கைவைக்க விடவில்லை. மனது நொந்தது, ஆனால் நியாயம்தான். இரண்டு வில்லைகள் வெடித்துப்போயின. மிச்சம் நான்கும் கருத்து வந்தன. மூன்றாம் நாள் முதலாவதை அளந்தோம். முன்பைவிடச் சின்னதாக இருந்தாலும் லூப் வந்தது. மற்ற மூன்றிலும் வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

ஹென்ரிக் அதோடு விடவில்லை. கோபால்ட் தனியாகக் கட்டிபட்டு, அந்தக் கட்டியே காந்தமாக இருந்தாலும் இப்படி நடக்கலாமே என்றார். வேறொரு கருவியில் தேடிப் பார்த்தார்கள், கட்டி எதுவும் தென்படவில்லை. அதன்பிறகுதான் ஆய்வேடு சமர்ப்பிப்புக்குப் போனது, காற்றில் சுட்ட நேர்கோட்டையும் சேர்த்து.

4. கடைசி வரிசை

அவளுடைய வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து பார்க்கக்கூடியது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த நேர்கோட்டைக் காட்டி, "இதுதான் உங்கள் வாதத்துக்கு வலுவான சான்று. காற்றில் சுட்டுப் பார்க்கும் யோசனை யாருடையது?" என்று கேட்டார்.

தன்னுடையது என்று அவள் சொல்லியிருக்கலாம். பதிவேட்டை அங்கே யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

"எங்கள் லபோரன்ட் சுட்டார்," என்று என்னைக் காட்டினாள். "அழுக்கு என்று நினைத்தாராம்."

அறையே சிரித்தது. முகம் எரிந்தது எனக்கு. அவ்வளவு வெட்கமும் அவ்வளவு சந்தோஷமும் ஒன்றாக எனக்கு வேறெப்போதும் வந்ததில்லை.

இப்போது அந்த ஆய்வுகூடத்தில் மூத்த லபோரன்ட் நான்தான். புதிதாக வருகிறவர்களுக்கு ஃபர்னஸைக் காட்டுவதற்கு முன் பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொல்கிறேன்: குறை என்று கண்ணில் பட்டால் அது யாருடைய வேலை என்று முதலில் கேளுங்கள். வில்லையைத் துணியால் துடைத்தால்கூட எழுதிவையுங்கள். காரணம் எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தாலும் சரி, அதையும் எழுதுங்கள்.