லண்டனில் எனக்கொரு வோட்டு

எண்பத்தேழாம் ஆண்டு பிரித்தானியாவில் தேர்தல் வந்தபோது லண்டனில் எவ்வளவு பேசினார்களோ தெரியாது. பாரிசின் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருந்த ஒரு பலசரக்குக் கடைக்குள் நாங்கள் மூன்று பேர் அடிபடாத குறையாகப் பேசினோம். என் அண்ணை, கடைக்காரர், நான். எங்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கு இல்லை. லண்டனில் இருந்த என் கணவருக்கு இருந்தது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அங்கே பதிந்து இருப்பவர் வாக்குப் போடலாமாம்.

அதில் உனக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்குத்தான் எல்லாம். கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் அவர் லண்டனுக்குப் போனார். பிறகு நானும் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, பாரிசில் அண்ணையிடம் வந்து சேர்ந்து, அவரிடம் போக விசாவுக்கு எழுதிப்போட்டு ஒரு வருஷமாகக் காத்துக் கிடந்தேன். விசா இழுபட்டால் தொகுதி எம்.பி. கடிதம் கொடுப்பார், அதற்கு மதிப்பிருக்கிறது என்றார்கள். அதனால் எம்.பி. யார் என்பது என் தலைவிதியாகிப் போனது.

"சிவப்புக்குப் போடச் சொல்லு. அவங்கள்தான் எங்கடை ஆக்களுக்குக் கடிதம் குடுக்கிறவங்கள்" என்றார் அண்ணை. கட்சிகளை நாங்கள் நிறத்தால்தான் சொல்வோம்: ஆளுங்கட்சி நீலம், எதிர்க்கட்சி சிவப்பு.

"பிள்ளை, விசா குடுக்கிறது ஆர்? அரசாங்கம். அரசாங்கம் ஆர்? நீலம்" என்றார் கடைக்காரர். மன்னார்க்காரர், எதையும் கேள்வியாகக் கேட்டுத் தானே பதில் சொல்லுவார். "வெல்லுறவனைப் பகைச்சு என்னத்தைக் காணப்போறியள்?"

"வோட்டு ரகசியம்தானே, அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அண்ணை.

"ரகசியமாம்! ஆர் கண்டது?" என்றேன் நான்.

இருவரையும் நான் நம்பவில்லை. கடைக்காரர் புறநகர் ஸ்தேனில் வீடு எடுத்துத் தருகிறேன் என்று அண்ணையை ஆறு மாதம் பேய்க்காட்டியவர். அண்ணையோ முதலில் எவன் சொன்னானோ அவன் சொன்னதே வேதம் என்றிருப்பவர். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் நான் என் நிழலையும் நம்பவில்லை.

ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஸ்டாலின்கிராட் மெத்ரோ வாசலில் இருந்த டெலிபோன் கூண்டுக்கு அவர் லண்டனில் இருந்து எடுப்பார். அன்றைக்கு எடுத்தவுடனே சிரித்தார்.

"இஞ்சேரும், ஒரு பகிடி தெரியுமே? உமக்கும் வோட்டுப் போட அட்டை வந்திருக்கு."

"எனக்கோ? நான் இஞ்சையெல்லோ இருக்கிறன்!"

"போன வருஷம் வோட்டர் லிஸ்டுக்கு வீட்டிலை ஆரார் இருக்கினம் எண்டு கேட்டு ஒரு போம் வந்தது. உம்மடை பேரையும் எழுதிவிட்டன்."

கடையில் இதைச் சொன்னபோது அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். ஊரில் கிராம அலுவலரான விதானையாரின் பட்டியலுக்கு அப்படித்தான் எழுதுவோம். சவூதியில் இருப்பவனும் கொழும்பில் இருப்பவனும் வீட்டில் இருப்பதாகவே பெயர் கொடுப்போம், விட்டால் ரேஷன் கூப்பன் வெட்டுப்படும் என்று. அந்தப் பழக்கம்தான் என்றார் அண்ணை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள், அவளை மறைக்கத்தான் என் பெயர் போயிருக்கிறது என்று நெஞ்சுக்குள் ஒரு புழு புகுந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு, ரெண்டு வோட்டு!" என்றார் அண்ணை. "ஆரையேன் பிடிச்சு உன்ரையையும் சிவப்புக்குப் போடச் சொல்லு. அங்கை விரலிலை மையும் பூசமாட்டாங்களாம்."

கடைக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "கள்ள வோட்டோ? பிடிபட்டால் பிள்ளையின்ரை விசா அம்போ!"

அடுத்த ஞாயிறு, "ஒரு கண்டறியாத வோட்டும் எனக்கு வேண்டாம், அட்டையைக் கிழியுங்கோ" என்று அவரிடம் கத்தினேன். கிழித்துவிட்டேன் என்றார். தேர்தலன்று தன் வாக்கைச் சிவப்புக்குப் போட்டாராம். வாக்குக் கேட்டுக் கதவு தட்டிய இரண்டு கட்சிக்கும் "உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பியவர் அவர், எதை நம்புவது?

அந்தத் தொகுதியில் சிவப்பு வென்றது, நாட்டில் நீலம் வென்றது. தான் சொன்னதே சரி என்று கடைக்குள் இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

என் கணவர் எம்.பி.யிடம் போய்க் கடிதம் வாங்கிப் பாரிசில் இருந்த பிரித்தானிய விசா அலுவலகத்துக்கு அனுப்பினார். என்னைக் கூப்பிட்டார்கள். இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அதிகாரி ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பாளர் சென்னைத் தமிழில் சொன்னார்:

"லண்டன்ல எவ்வளவு நாள் இருந்தீங்க?"

"நான் லண்டனைக் கண்ணாலும் காணேல்லை."

அதிகாரி எம்.பி.யின் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். என்னை என் வீட்டுக்குத் திரும்பவிடும்படி அந்த மனிதர் நல்ல மனதோடு எழுதியிருந்தார். நடந்தது இதுதான். என் கணவர் அந்தத் தொகுதி ஆள்தானா என்று எம்.பி.யின் அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே என் பெயர். மனைவி இங்கேதானே இருக்கிறார் என்று கேட்க, இவர் பயந்துபோய், இருந்தவள்தான், தமையனைப் பார்க்கப் பாரிசுக்குப் போய் அகப்பட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டார். எனக்கு மூச்சும் விடவில்லை. ஏற்கெனவே களவாக லண்டனில் இருந்தவள் என்று சொல்லி விசாவை மறுத்தார்கள்.

அந்த ஞாயிறு நான் ஹலோகூடச் சொல்லவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கோ. அந்த வீட்டிலை ஆர் இருக்கிறாள்? ஆரை மறைக்க என்ரை பேரை எழுதினனீங்கள்?"

வெளியே காத்திருந்த ஒருவன் நாணயத்தால் கண்ணாடியைத் தட்டினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் இல்லை" என்றார் அவர். "அந்தப் போமிலை பேர் எழுதக் கனக்க வரி இருந்தது. என்ரை பேரை எழுதிப்போட்டுப் பாத்தன், மிச்சமெல்லாம் வெறுமையாக் கிடந்தது. பாக்க ஏலாமல் இருந்தது. அதுதான் உம்மடை பேரையும் எழுதினன்."

ஏசுவதற்கென்று ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களையெல்லாம் விட்டுவிட்டு, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன்.