மரத்தடியில் அமர்ந்தவள்

மஞ்சள் வாசம் வந்தால் இன்றும் என் கை கழுத்தைத் தடவிப் பார்க்கும்.

கல்யாணத்தன்று மாமியார் என் தாலிக்கொடியில் ஒரு பழைய பொற்காசைக் கோத்தார். அதில் மரத்தடியில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். "மகாலட்சுமி" என்றார். வெள்ளிதோறும் அவளுக்கு மஞ்சள், குங்குமம் வைத்தேன். வீட்டு கிரில் கதவின் சாவி மாமியாரிடம்தான் இருக்கும். அவர் துணையில்லாமல் நான் வெளியே போகக்கூடாது என்பது கணவரின் உத்தரவு.

காசின் வளையம் தேய்ந்ததால் மாமியாரும் நானும் பாலிங் பட்டணத்து நகைக்கடைக்குப் போனோம். பழங்காசு சேர்க்கும் கடைக்காரர் மஞ்சளைக் கழுவிவிட்டுச் சிரித்தார்.

"லட்சுமி இல்லலா அக்கா. ரோமாபுரி ராஜா காசு. ஒரு நாட்டைப் பிடிச்சா, அதைக் கைதிப் பொண்ணா அச்சடிப்பாங்க. கை பின்னால கட்டியிருக்கு, பாருங்க."

பார்த்தேன். நிழல் தருவதாக நினைத்த மரம் அவளுக்குக் காவல் நின்றது. கட்டிய கைகளை வாராவாரம் மஞ்சள் பூசி மறைத்தவள் நான்தான்.

வெளியே சுங்கை பட்டாணி பஸ் புறப்படத் தயாராக உறுமியது. என் அக்கா வீடு அந்த ஊரில்தான். மாமியார் காசைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, என்னை பஸ் படியில் ஏற்றினார்.

"அத்தை, அவர் கேட்டா?"

"நான் பாத்துக்கறேன். அது என் கழுத்துலயும் கிடந்ததுதான். கை கட்டியிருக்கறத அப்பவே பாத்தேன்மா. பாத்தும் லட்சுமின்னு சொல்லிக்கிட்டேன். நீ போ."