வெங்காயம் தொங்கிய கொக்கி

விரலை மடக்கி, கணுவால் நீல ட்ரம்மின் வயிற்றில் இரண்டு தட்டு தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். "இதுல கழுத்து வரைக்கும் இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த ட்ரம்முக்கு நகர்வார். விடிகாலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்பியதும் பரக்கத் அலிக்கு இதுதான் முதல் வேலை. தலையிலிருந்து தொப்பியைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். பாலக்கரையில் ஆட்டோ நுழைய முடியாத ஒரு சந்தில் அவர் வீடு. கூடத்துச் சுவர் முழுக்க ட்ரம்கள் நிற்பதால், அங்கே தொங்கிய காலண்டர் கதவுக்குப் பின்னால் குடிபோய்விட்டது.

அரிசி, கோதுமை, பருப்பு, கல் உப்பு எல்லாம் உண்டு. தானியம் இருக்கிற ட்ரம்களில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்திருக்கிறார். "வண்டு உள்ள போனா அழுதுகிட்டே வெளிய வந்துரும்" என்பார். மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் விறகு. கரண்ட் போனாலும் தண்ணீர் வரவேண்டும் என்று கொல்லையில் கையால் அடிக்கிற பம்ப். டீயில் பால் ஊற்றவிடுவதில்லை. "பால் கெடைக்காத காலம் வந்தா? இப்பவே பழகிக்கணும்ல?"

வியாழக்கிழமைகளில் கேஸ் அடுப்பை யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு ஒத்திகை. மாடியில் செங்கல் கூட்டி விறகில்தான் சமையல். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவர் மனைவி ஜஹானாரா சொல்வார்: "இருக்கும்போதே இல்லாத மாதிரி வாழணுமாம். நெஜமாவே இல்லாமப் போற அன்னைக்கு, இருக்கற மாதிரி வாழச் சொல்லுவாரோ என்னமோ!"

இத்தனைக்கும் பரக்கத் அலி பயந்த சுபாவக்காரர் அல்ல. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பல வருஷம் துணி அளந்து கிழித்தவர். அந்த நாட்டில் பணம் காகிதமாகிப் போன வருஷம் அங்கேதான் இருந்தார். "காலி சிலிண்டருங்கள சங்கிலி போட்டுக் கட்டிட்டு ஜனங்க வீட்டுக்குப் போயிரும். சிலிண்டருங்க மட்டும் லைன்ல நிக்கும். முந்தின வருஷம் நம்ம கடைல வந்து கல்யாணப் பட்டு எடுத்துச்சே ஒரு அம்மா, அது பால்மாவுக்காக எனக்கு முன்னாடி நிக்குது. கைல கொழந்த. என்னைப் பார்த்துட்டு முக்காட்ட இழுத்து முகத்த மூடிக்கிச்சு." இதைச் சொல்லும்போது அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருச்சிக்கு விமானம் ஏறியவர் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து, உலகத்தில் எந்த நாட்டு நோட்டு சரிந்ததாகப் பேப்பரில் வந்தாலும், அன்று மாலை அவரைக் காந்தி மார்க்கெட்டில் பார்க்கலாம்.

வாங்கிய மூட்டைகளைச் சந்து முனைவரை கொண்டுவந்து இறக்குவது முருகானந்தம். ஸ்ரீரங்கத்துக்காரர், சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

"பாய், வாசல்ல போர்டு ஒண்ணுதான் பாக்கி. மாட்டிருங்க, நாளைக்கே ரேஷன் கார்டோட வந்து நிக்கறேன்."

"சிரிங்க முருகு, நல்லா சிரிங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்குத்தான் வருவீங்க."

"அதுக்குத்தான் இப்பவே வழி பழகிட்டிருக்கேன்."

உள்ளறை மகள் அல்ஷிஃபாவுடையது. திருவெறும்பூரில் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, முதல் மூட்டை கட்டிலுக்குக் கீழே போனது. அடுத்தவை கட்டில்மேல் ஏறின. பிறகு கட்டிலே வெளியே போய்விட்டது. உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. அல்ஷிஃபாவின் தொட்டில் ஆடிய கொக்கி. எலிக்கு எட்டாது என்று அதில் வெங்காயச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். ஏன் இவ்வளவு என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எம்புள்ள கைக்கொழந்தையோட லைன்ல நிக்கக் கூடாது. ஒண்ணுன்னா இங்க ஓடி வந்துரணும்."

அந்த மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. ஏழாம் மாதம் சோறாக்கிப் போட்டு அழைத்து வரவேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். "ரூமக் காலி பண்ணுங்க" என்று ஜஹானாரா நச்சரித்தார். முருகானந்தம் வலியவே வந்து சொன்னார்: "எங்க மாடி சும்மாதான் கெடக்கு பாய். நாலு நட ஓட்டுனா முடிஞ்சுது."

"ஆத்துக்கு அந்தாண்டையா? ரிப்பேருன்னு காவேரிப் பாலத்த மூடுனாங்களே, மறந்துட்டீங்களா? நாடு நாசமாப் போற நேரத்துல பாலத்தையும் மூடிட்டா, எங்க அரிசி ஸ்ரீரங்கத்துல, நாங்க பாலக்கரைலயா?"

வர்ற வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சதும் பார்க்கலாம் என்றார். பல வெள்ளிக்கிழமைகள் அப்படியே போயின. ஒருநாள் மட்டும் சில மூட்டைகளைத் தன் வீட்டு மொட்டைமாடிக்குத் தூக்கினார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரமாகத் திரும்ப இறக்கிவிட்டார்.

அல்ஷிஃபா வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளறை வாசலில் நின்றவள், அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "என் தொட்டில்ல வெங்காயம் தூங்குது!" கூடத்தில் ட்ரம்களை ஒட்டி, சேலையைத் திரையாகக் கட்டிப் படுக்கை போட்டார்கள். தவிட்டுத் தூசும் மிளகாய் நெடியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தும்மித் தும்மி மூச்சு வாங்கியது. "கோதுமைக்குக் காத்து வேணும்னு ஜன்னலோரம் வச்சிருக்கீங்க. எனக்கு வேண்டாமா அத்தா?" என்று தகப்பனைக் கேட்டாள், அதையும் சிரித்துக்கொண்டேதான்.

ஒரு வாரத்தில் சம்பந்தியம்மா பார்க்க வந்தார். திரையை விலக்கிப் பார்த்தார். "எங்க மாடி ரூம்ல நல்லா காத்து வரும். புள்ளைய அழைச்சிட்டுப் போறேன்" என்றார். ஜஹானாரா அழுதார். பரக்கத் அலி பையைத் தூக்கிக்கொண்டு சந்து முனைவரை போனார். "போயிட்டு வரேன்த்தா" என்று மகள் சொன்னபோது பையை ஆட்டோவுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே முருகானந்தத்துக்குப் போன் செய்தார். முருகானந்தம் அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை. உள்ளறை மூட்டைகளோடு மூட்டையாகப் பின்னால் உட்கார்ந்து பரக்கத் அலியும் ஸ்ரீரங்கம் போனார். பாலம் திறந்துதான் இருந்தது.

அறை காலி, மகளை அனுப்புங்கள் என்று சம்பந்தி வீட்டில் கேட்டார். ஆனால் திருவெறும்பூரில் வேறு டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. இந்த நிலையில் பிள்ளையை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அங்கேயே பேத்தி பிறந்தாள். ஆலியா என்று பெயர். பார்க்கப் போனவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பால் டீ கொடுத்தார்கள். மறுக்காமல் குடித்தார். இப்போதும் காலையில் கூடத்து ட்ரம்களைத் தட்டுகிறார். சில நாள் பாதியில் நின்று, "முருகு சொன்னப்பவே கேட்டிருக்கலாம்" என்பார்.

பிரசவமாகி நாற்பது நாள் கழிந்து, போன வாரம் அல்ஷிஃபா குழந்தையோடு வந்தாள். பகல் சாப்பாட்டுக்கு மட்டும்தான். உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கழுவி, கட்டிலைத் திரும்பப் போட்டு வைத்திருந்தார்.

"ரூம் இவ்ளோ பெருசாத்தா! எனக்கே மறந்துபோச்சு."

"இருந்துட்டுப் போம்மா."

"சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வந்துரச் சொன்னாங்கத்தா. மாடி ரூம்லயே இவளும் பழகிட்டா. ஆட்டோ சந்து முனைல நிக்குது."

"ஒரு நிமிஷம்மா" என்று அடுப்படியிலிருந்து ஸ்டூலை இழுத்து வந்தார். "ஏங்க, விழுந்து வைக்கப் போறீங்க!" என்று ஜஹானாரா கத்தியதைக் காதில் வாங்காமல் ஏறினார். கொக்கி துருவெல்லாம் தேய்த்து, எண்ணெய் பூசி, மினுமினுவென்று இருந்தது. அதை இரண்டு கைகளாலும் பற்றினார். "அசையுதா பாரும்மா" என்று, மகளையும் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியையும் பார்த்தபடி, ஸ்டூலிலிருந்து இரண்டு கால்களையும் தூக்கினார்.