சுகந்தி அக்காவுக்கு நான் தெரிந்தெடுத்த ஸ்கோப்

அன்று மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். கடை உரிமையாளர் முருகேசன் சார், வாடிக்கையாளர் சுகந்தி அக்கா, நான். ஸ்கோப்பைச் செய்த கம்பனியின் பிரதிநிதி வரவில்லை. மெல்பேர்னிலிருந்து ஒரு மின்னஞ்சல் மட்டும் அனுப்பியிருந்தார். என் அம்மாவும் அங்கே இல்லை. அந்த நேரம் அவர் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலையில் நின்றிருப்பார். ஆனால் மேசையில் இருந்த சிக்கலில் அம்மாவுக்கும் பங்கு இருந்தது என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். நானும் பெரிய அனுபவசாலி இல்லை. இது எனக்கு நான்காவது வருடம். நடந்தது முதல் வருடத்தில்.

1. கடை

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் டயர் கடைக்கு எதிரே எங்கள் கடை. மைக்ரோஸ்கோப், பைனாகுலர், நில அளவைக் கருவி, துப்பாக்கி மேல் பூட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப் எல்லாம் விற்போம், திருத்துவோம். துப்பாக்கி விற்பதில்லை. முருகேசன் சார் கோயம்புத்தூர்க்காரர். லேத்தில் தொடங்கி லென்ஸுக்கு வந்தவர். என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துவிட்டு இங்கே வந்தேன். அம்மா ஆட்களிடம் "மகன் கண்ணாடிக் கடையில" என்பார். அவர்கள் மூக்குக் கண்ணாடி என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா திருத்துவதில்லை.

வேலை குறைந்த மத்தியானங்களில் ரோலர் கதவைப் பாதி தூக்கிவிட்டு ஒவ்வொரு ஸ்கோப்பாக வெளியே பார்ப்பேன். நாற்பது மடங்கு பெருக்கத்தில் உலகம் சத்தமில்லாமல் கிட்ட வரும். எதிர்க்கடைத் தகரத்திலிருந்து எழும் வெப்பம் ஆற்றுத் தண்ணீர் போல ஓடும். அதற்கு மேலே கூரையின் மழைநீர்ப் பீலியில் ஒரு சிலந்தி தன் வலையைத் தட்டிப் பார்க்கும். டயர் மாற்றுகிறவரின் உதடு அசையும். என்ன பாட்டு என்று தெரியாது. கண்ணை எடுத்தால் எல்லாம் பழையபடி தெருவுக்கு அப்பால் போய்விடும். சம்பளம் தந்து கனவு காண விடுகிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

2. தெரிவு

சுகந்தி அக்கா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தத் துளிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவர். வயது நாற்பத்தைந்துக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்ச்ரெஸ்ட் சுடப் போவார். இந்தப் போட்டியில் ஓடுவது, படுப்பது எதுவுமில்லை. துப்பாக்கியைக் கொங்கிறீட் மேசையில் மணல் பைகள் மேல் வைத்து, நூறு யார், அதாவது தொண்ணூறு மீற்றர் தூரத்துக் கடதாசியில் ஐந்து குண்டுகளை ஒரே ஓட்டைக்குள் போடப் பார்க்க வேண்டும். மிகத் தள்ளி விழுந்த இரண்டு குண்டுகளின் இடைவெளியை அளப்பார்கள். யாருடைய சராசரி சின்னதோ அவருக்கு வெற்றி.

"எட்டு மணித்தியாலம் கிட்டப் பாக்கிறன், தம்பி. ஒரு நாளாவது தூரப் பாக்க வேணும்" என்றார் முதல் நாள்.

"வீட்டில ஒண்டும் சொல்ல மாட்டினமோ, அக்கா?"

"அவர் ஆக்களுக்குச் சொல்லுறது நான் கோல்ஃபுக்குப் போறன் எண்டு. ஒருத்தரும் இன்னும் ஸ்கோர் கேக்கேல்ல."

மாநில அணிக்கு நான்கு பேரை எடுக்கப் போகிறார்கள், இரண்டு தெரிவுப் போட்டிகள், இரண்டின் சராசரி என்றார். பழைய ஸ்கோப் மங்கல்; புதிது வேண்டும். முதல் தடவையாக ஒருவர் முருகேசன் சாரைத் தாண்டி என்னிடம் கேட்டார்.

நான் எல்லாம் பார்த்தேன். அவருடைய வகுப்பில் துப்பாக்கி ஸ்கோப்போடு சேர்த்துப் பத்தரை இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது. அதனால் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களையும் வைத்துத் தராசில் நிறுத்தேன். பெருக்கம், குறுக்குக் கம்பியின் மெல்லிசு, நடுப்புள்ளியின் அளவு, தலையை அசைத்தால் புள்ளி இலக்கில் நகர்கிறதா என்ற பெரலெக்ஸ், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று முப்பத்தாறு மடங்கு, பழைய மொடல், பால் விடாத பிளேன்டீ நிறக் கண்ணாடி. மற்றது நாற்பத்தைந்து மடங்கு. அதற்குள் பார்த்தபோது சிலந்தியின் கால்மயிர் தெரிந்தது.

அக்கா அதில் கண் வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

"உள்ளுக்க போய் இருக்கலாம் போல கிடக்கு" என்றார்.

அதைத்தான் கொடுத்தேன். சுவரில் ஆணியில் ஓர் இரும்புக் கட்டை தொங்கியது. இரண்டு ஸ்கோப்பைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டிச் சோதிக்கும் கட்டை அது. என் தொப்பியை அதில்தான் மாட்டுவேன். அன்று தொப்பியை எடுக்கத் தோன்றவில்லை.

3. ஒரு கேள்வி

இரண்டு கிழமை கழித்து அக்கா லென்ஸ் துடைக்கும் துணி வாங்க வந்தார். காசு கொடுத்துவிட்டுக் கதவடியில் நின்று திரும்பினார்.

"தம்பி, சும்மா கேக்கிறன். இதுக்குள்ள ஏதும் அசையச் சான்ஸ் இருக்கோ?"

"சான்ஸே இல்லை, அக்கா. பரலா இருக்கும். தேய்ஞ்சிருக்கலாம்."

"ஓம், அப்படியும் இருக்கலாம். சரி, போட்டு வாறன்."

அவர் துப்பாக்கிக் குழலான அந்தப் பரலை மாற்றினார். பிறகு வெடிமருந்தின் அளவை மாற்றினார். முதல் தெரிவுப் போட்டி முடிந்தது. அதற்கு அடுத்த கிழமை ஒரு திருகாணிக்காக வந்தபோது காரின் முன் இருக்கையில் அவர் சுட்ட அட்டைகள் கிடந்தன. நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டையிலும் நான்கு குண்டு ஒரே ஓட்டை, ஐந்தாவது தனியே. ஒரு அட்டையில் இடது, இன்னொன்றில் மேல், அடுத்ததில் வலது. காற்றென்றால் ஒரு பக்கம் தள்ளும். பரல் தேய்ந்தால் எல்லாமே சிதறும். இது இரண்டும் இல்லை.

உள்ளே போய் முருகேசன் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கட்டை எங்க, தம்பி?" என்றார். தொப்பியைக் கழற்றிக் கட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

4. ரப்பர் சுத்தியல்

பிரதிநிதிக்கு எழுதினோம். "எங்கள் தயாரிப்பில் இது நடப்பதில்லை" என்று பதில் வந்தது. அடுத்த சனிக்கிழமை காலை மூவரும் மேசைக்கு வந்தோம்.

கட்டையை மேசையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் இறுக்கினோம். ஒரு பக்கம் அக்காவின் புதிய ஸ்கோப், மறுபக்கம் அந்தப் பழைய முப்பத்தாறு. பழையதன் உள்ளே அசையக்கூடிய பாகத்தை முருகேசன் சார் எப்போதோ பசை போட்டு நிறுத்திவிட்டார்; திருத்தம் எல்லாம் வெளியே உள்ள பிடியில்தான். இரண்டின் புள்ளியையும் டயர் கடைச் சுவரில் ஒரே போல்ட்டின் தலையில் வைத்தோம். ரப்பர் சுத்தியலால் கட்டையைத் தட்டினால் துப்பாக்கி உதைக்கிற மாதிரி இருக்கும். கட்டையே நகர்ந்தால் இரண்டும் சேர்ந்து நகரும். ஒன்று மட்டும் நகர்ந்தால் குற்றவாளி அதுதான்.

மூன்று தட்டு வரைக்கும் ஒன்றுமில்லை. நான்காவதில் புதிய ஸ்கோப்பின் புள்ளி போல்ட்டின் ஓரத்துக்குப் போயிருந்தது. பழையது இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்தாவதில் புதியதும் திரும்பி நடுவுக்கு வந்துவிட்டது, எங்கேயும் போகாத மாதிரி. அந்தத் தெளிவான ஒளிக்குள் அது நடந்தது. சிலந்தி வலை நூல் நூலாகத் தெரிந்தது. புள்ளி மட்டும் தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் போல மெதுவாகப் போய் வந்தது. அவ்வளவு அழகாக ஒரு பிழையை நான் பார்த்ததில்லை.

"எப்ப இருந்துங்க இப்படி?" என்று முருகேசன் சார் கேட்டார்.

"முதல் கிழமையே சந்தேகம்."

"அப்புறம் ஏனுங்க கொண்டு வரல?"

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இவன்ர அம்மாவை வென்ட்வேர்த்வில் மரக்கறிக் கடையில கண்டனான். மகனுக்கு ஆறு மாதம் ப்ரொபேஷன், ஒரு பிழையும் வராம இருக்க வேணும் எண்டு சொன்னவா. முதல் முதல் வித்தது எனக்கு. நான் திருப்பிக் கொண்டு வந்தா?"

முருகேசன் சார் சுத்தியலை மேசையில் வைத்தார். "ப்ரொபேஷனா? அது அக்கவுண்டன்ட் போட்ட லெட்டருங்க. நான் படிக்கவே இல்லை. தம்பி, நீ படிச்சியா?"

"ஓம், சார். மூண்டு தரம்."

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல பரலையே கொன்னுட்டீங்க" என்றார். அக்காதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "விடு, நானும் கேட்ட கேள்வியை இன்னொருக்காக் கேட்டிருக்க வேணும்" என்றார் அக்கா.

புதியதைத் திருப்பி எடுத்து முழுக்காசையும் கொடுத்தோம். அக்கா கடையிலிருந்த அந்த முப்பத்தாறு மடங்கு மங்கல் ஸ்கோப்பைக் கொண்டு போனார்.

5. ஞாயிறு

இரண்டாவது போட்டிக்கு நானும் போனேன். மேசைகளுக்கும் இலக்குகளுக்கும் நடுவே காற்றின் போக்கைக் காட்டும் காற்றாடிகள் வரிசையாக நின்றன. சுடத் தொடங்கும் முன் அக்கா என்னை ஸ்கோப்பில் பார்க்க விட்டார். பிளேன்டீக்குள் ஒரு கடதாசி மிதந்தது. அதன் விளிம்புகள் நெளிந்தன, காற்றாடிகள் சத்தமில்லாமல் சுற்றின, தூரத்துப் புல் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஆடியது. உலகம் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. நடுவில் அந்தக் கறுப்புப் புள்ளி மட்டும் அசையவில்லை.

அக்கா குனிந்தார். காற்றாடிகள் ஒரு நொடி ஓய்ந்தபோது முதல் வெடி. அன்று அவருடைய ஐந்து அட்டைகளிலும் தனியே விழுந்த குண்டு இல்லை. அந்த நாளின் முதலாமிடம் அவருக்கு. ஆனால் அணிக்கு இரண்டு போட்டியின் சராசரி வேண்டும். முதல் போட்டியின் அட்டைகள் அழிந்துபோவதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஸ்கோப் தெரிந்தெடுக்கும்போது முதலில் எது அசையாது என்று பாருங்கள். தெளிவைப் பிறகு பார்க்கலாம். வாடிக்கையாளர் கதவடியில் நின்று திரும்பி "சும்மா கேக்கிறன்" என்றால், கையில் உள்ளதை வைத்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் ஆட்கள் முறைப்பாட்டை அப்படித்தான் சொல்வார்கள். கட்டையில் நான் இப்போது தொப்பி மாட்டுவதில்லை.

நான்கு பேர் அணிக்கான பட்டியலை ஒட்டியபோது அக்காவின் பெயர் ஐந்தாவதாக இருந்தது. அவர் விரலால் இரண்டு வரிகளையும் தொட்டுக் கழித்துப் பார்த்தார். நான்காவது ஆளுக்கும் அவருக்கும் இடையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. மூன்று தலைமயிரின் தடிப்பு.