எல்லாப் பனிக்கும் ஒரே பலகை

பனியில் சறுக்குகிற ஸ்கீ பலகைகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை என்றால் பனி, மலை, சுத்தமான காற்று என்று நினைப்பீர்கள். உண்மையில் அது ஈர சாக்ஸ். கவுண்டருக்குப் பின்னால் நின்று, அடுத்தவர் காலைப் பிடித்துப் பிழைக்கிற என் ஜனங்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

பூட்ஸ் ரூம்

நான் பத்தாவது ஃபெயில், பல்லடம் பக்கம். வீட்டுக்காரர் லேத் வேலைக்கு வந்த புண்ணியத்தில் அமெரிக்காவில் லிவர்மோர் வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் டெப்பியின் ஸ்கீ கடையில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து திரும்பும் பூட்ஸ் எல்லாம் என்னிடம்தான் வரும். டிரையரில் கவிழ்த்து, மருந்தடித்து, அடுக்க வேண்டும். சூடேறியதும் ஒரு மணம் எழும் பாருங்கள், நாலு நாள் புளித்த மோர் அதற்கு முன்னால் சாம்பிராணி.

கடையில் பெண்களுக்கான ஸ்கீ ஒரு சுவர் நிறைய உண்டு. எல்லாப் பனிக்கும் இந்த ஒரு பலகை போதும் என்பது கம்பெனிக்காரன் வாக்கு. வாடகைக்கு எடுத்துப் போன பெண்கள் திரும்பி வந்து சொல்லும் வாக்கை எழுத முடியாது. இந்தக் குளிர்காலம் டெப்பி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று ஜோடி வரவழைத்தாள். இறுகின பனி, புதுப்பனி, இளகின பனி என்று பனிக்கு ஒரு ஜோடியாக நான் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசி நாள் மலை உச்சியிலிருந்து இறங்க வேண்டும். இறங்கி, எதை வாங்கலாம் என்று சொன்னால் அடுத்த சீசனில் அந்தச் சுவர் என் பொறுப்பு. இல்லாவிட்டால் பழையபடி பூட்ஸ் ரூம். நானோ குழந்தைகள் சறுக்கும் மேட்டைத் தாண்டாதவள். கூட வேலை பார்க்கும் மேகன் காற்றாய்ப் பறப்பாளே, அவளை அனுப்பேன் என்றேன். டெப்பி சொன்னாள்: "பறக்கிறவங்க பேச்சைக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் தப்பா வாங்கினேன் ருக்கு. நீ விழுந்து சொல்லு."

ஜாதக எடை

ஸ்கீயின் நடுவில் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. விழும்போது அது தானாக விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முட்டி போய்விடும். அதை ஆளின் எடைக்குத் தக்கபடி முறுக்குவோம். ஆகவே எடையைக் கேட்பது என் தொழில் தர்மம். கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொள்வது என் அனுபவம்.

டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. பனியை ஃப்ரிட்ஜில் மட்டும் பார்த்தவர்கள். அந்த அம்மாவிடம் எடை கேட்டேன். பக்கத்தில் புருஷன் போனை நோண்டிக்கொண்டு நின்றார். அந்தம்மா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு எண் சொன்னார். அந்த எண்ணில் அந்தம்மாவின் ஜாக்கெட்டையும் கைப்பையையும்தான் எடை போட்டிருக்க முடியும். "நடக்கும்போதே ஸ்கீ கழண்டுக்கும்மா, நிஜத்தைச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அந்தம்மா என் காதருகே குனிந்தார்: "ஆன்ட்டி, இது ஜாதகத்தோட எங்கப்பா அனுப்பின எடை. இவரு இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் நம்பிட்டிருக்காரு. நீங்களா பார்த்து ஒண்ணு போட்டுக்கங்க."

இறுகின பனி

முதல் சோதனை காலை வேளையில். ராத்திரி உறைந்த பனி, கழுவிவிட்ட மொசைக் தரை மாதிரி மினுமினுத்தது. சிவப்பு ஸ்கீயை மாட்டினேன். நல்ல விறைப்பு. நான் இடது பக்கம் திரும்பினேன், அது திரும்பவில்லை. புதிதாக வந்த மேனேஜர் போல, முடிவெடுத்துவிட்டுத்தான் மீட்டிங்குக்கே வந்திருந்தது. அது எடுத்த முடிவு ஒரு வேலி.

மேகன் சர்ரென்று வந்து நின்றாள். இந்த ஸ்கீ வேகத்தில்தான் அடங்கும், இன்னும் வேகமாகப் போனால் அருமையாகத் திரும்பும் என்று விளக்கினாள். நான் வேலிக்குள் மாட்டிய காலை உருவிக்கொண்டே, எனக்கு மெதுவாகப் போகும்போதும் திரும்ப வேண்டுமே கண்ணு என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மெதுவா நான் போனதே இல்லையே, அதனால எனக்குத் தெரியலை."

எலுமிச்சம்பழம்

நம் பெண் ஒருத்தி, வித்யா என்று பெயர், பக்கத்து ஊர் சான் ரமோன்காரி. எங்களிடம் புது ஸ்கீ வாங்கினாள். மறுநாளே கண் கலங்க அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதுக் காருக்குச் செய்வது போலக் கோயிலில் வாகன பூஜை போட்டிருக்கிறாள். எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் இல்லை. குருக்கள் தேடிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு இன்ஜின் எதும்மா என்று கேட்க, இவள் நடுவில் இருந்த பூட்டைக் காட்டியிருக்கிறாள். அவரும் அங்கேயே சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்துவிட்டார். சரியாகக் கால் வைக்கும் இடத்தில்.

"பொட்டு வச்ச பொருளை எப்படி ஆன்ட்டி பூட்ஸால மிதிக்கிறது?" என்றாள். நியாயம்தான். தெரியாமல் ஒரு நோட்டில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற கூட்டம் நாம். ஈரத் துணியைக் கொடுத்துத் துடைத்துவிடச் சொன்னேன். துணியை என் கையிலேயே திருப்பித் திணித்தாள்: "குங்குமத்தை நான் அழிச்சா என் புருஷனுக்கு ஆகாது. நீங்க அழிங்க ஆன்ட்டி, உங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு."

புதுப்பனி

இரண்டாவது சோதனைக்கு முந்தின நாள் கொட்டித் தீர்த்திருந்தது. பச்சரிசி மாவைச் சலித்துக் கொட்டினது மாதிரி முழங்கால் வரை பனி. இதற்கு அகலமான மஞ்சள்தான் ராணி என்றார்கள். உண்மைதான், மிதந்தது. ஆனால் ஜனம் ஓட்டிக் கலைத்த இடத்துக்கு வந்ததும் பெட்டியை இழுத்துப் போகிற மாதிரி தொடை கனத்தது. விழுந்தேன். ஒரு ஸ்கீ கழன்று மாவுக்குள் போய்விட்டது.

மேட்டின் அடிவாரத்திலேயே விழுந்ததால், என்னைக் காரில் கூட்டி வந்த வீட்டுக்காரர் காபி ஃப்ளாஸ்க்கோடு நடந்தே வந்துவிட்டார். நான் குச்சியால் குத்திக் குத்தித் தேடுகிறேன், குழி பெரிதாகிக்கொண்டே போகிறது. டெப்பி தூரத்திலிருந்து பார்க்கிறாள், பூட்ஸ் ரூம் என் கண் முன்னால் வருகிறது. அவர் ஒரு மூடி காபியை நிதானமாகக் குடித்துவிட்டுச் சொன்னார்: "போதும் அம்மிணி, இன்னும் தோண்டுனா தண்ணி வந்துரும்."

உச்சி

கடைசி நாள். வெயில் ஏறிப் பனி கம்பங்கூழாகக் கிடந்தது. பச்சையைப் பைக்குள் வைத்தபடியே தூக்கிக்கொண்டு மேகனோடு உச்சிக்குப் போனேன். கீழே டெப்பி எறும்பளவு தெரிந்தாள். பையைத் திறந்தேன். பூட்டு இருக்கிற இடத்தில், பளிச்சென்று சந்தனம், அதன் மேல் குங்குமம்.

ராத்திரி ஸ்கீ வீட்டில்தான் இருந்தது; வீட்டுக்காரர் வேலை. வித்யா கதையைச் சிரித்துச் சிரித்து அவரிடம் சொன்னது நான்தான். லேத் மெஷினுக்கு வருஷா வருஷம் பொட்டு வைத்த மனுஷன், பெண்டாட்டி மலை ஏறுகிற நாளில் சும்மா இருப்பாரா? அதைப் பார்த்ததும் என் கால் எழவில்லை. மற்றவளுக்கு ஈரத்துணி கொடுத்த மகராசி, உச்சியில் சிலையாக நின்றேன். லிஃப்டில் திரும்பி இறங்கிவிடலாம், கேட்டால் முட்டி வலி என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் ஆயுசுக்கும் பூட்ஸ் ரூம்.

கையுறையைக் கழற்றினேன். அத்தனை குங்குமத்தையும் கட்டை விரலால் வழித்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். அழித்ததாக ஆகாது, இடம் மாற்றினதுதான். ஸ்கீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு ஏறி மிதித்தேன்.

பச்சை அந்தக் கூழில் கரண்டி போல இறங்கியது. மெதுவாகப் போனேன், மெதுவாகத் திரும்பியது. விழுந்தேன், கோபித்துக்கொள்ளாமல் காத்திருந்தது. கீழே வந்து சேர்ந்தபோது வியர்வையில் குங்குமம் கரைந்து மூக்கு வழியே வழிந்திருக்கிறது. டெப்பி அலறிக்கொண்டு, மலையில் அடிபட்டவர்களைத் தூக்க வரும் ஆட்களையே கூப்பிட்டுவிட்டாள். மண்டையில் கட்டுப் போட வந்த பையனிடம், இது ரத்தமில்லை தம்பி, என் வீட்டுக்காரர் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பிறகு டெப்பியிடம் பச்சையைக் காட்டி, விழுந்தவளைத் திட்டாத பலகை இது ஒன்றுதான், இதை வாங்கு என்றேன். கட்டிப் பிடித்துக்கொண்டாள்: "சுவர் உனக்குத்தான் ருக்கு. பொம்பளைங்களுக்கு எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்னு, அவங்க பூட்ஸையும் டிரையரையும் அங்கேயே மாத்திட்டேன்."

ஆக, மலை உச்சி வரை போய் இறங்கி வந்து நான் கண்டது என்னவென்றால், நெற்றிக்குக் குங்குமம் வந்தாலும் மூக்கு அதே இடத்தில்தான் இருக்கிறது.